பாறைவீடுகளின் அருகே ஓர் இரவு: எந்த முகாமிடத்தைத் தேர்வது?

அமெரிக்காவின் தென்மேற்கே, செங்குத்தான பாறைச் சுவர்களின் உட்குழிவுகளில் கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட பழங்கால வீடுகளைப் பகலில் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பக்கத்துச் சிற்றூர் விடுதிக்குத் திரும்பிவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். அந்த வீடுகள் இருக்கும் பள்ளத்தாக்கிலேயே, மின்சாரமோ குளியலறையோ இல்லாத ஓர் எளிய முகாமிடத்தில் கூடாரம் அடித்து ஓர் இரவையேனும் கழிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் குறைவுதான் என்றாலும், பீனிக்ஸில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் அந்த விருப்பம் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதைக் காண்கிறேன். போக வேண்டும் என்று முடிவான உடனே எழும் கேள்வி, எங்கே போவது என்பது. அரிசோனாவின் வடகோடியில் இருக்கும் நவஹோ தேசிய நினைவுச் சின்னம் எனப்படும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதியா, அதே இடத்தில் நடந்து மட்டுமே போகக்கூடிய கீட் சீலா, நியூ மெக்சிகோவின் காட்டுக்குள் இருக்கும் கிலா பாறைவீடுகளா? மூன்றிலும் முகாமிடக் கட்டணம் கிடையாது. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டவை.

பலரும் முதலில் சொல்லும் பெயர் கொலராடோவின் மெசா வெர்டே. 1906இல் தேசியப் பூங்காவாகவும், 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. ஏறத்தாழ 600 பாறைவீடுகள் அங்கே உள்ளன, அவற்றுள் கிளிஃப் பேலஸ் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. ஆனால் அங்குள்ள மோர்ஃபீல்டு முகாமிடம் 267 இடங்களும் குளியலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் கடையும் கொண்ட ஒரு சிறிய ஊர். பூங்கா நுழைவாயிலுக்கு அருகிலேயே அது அமைந்திருப்பதால், புகழ்பெற்ற வீடுகளைச் சென்றடைய மேட்டுநிலத்தின் மீது வளைந்து செல்லும் சாலையில் முக்கால் மணி நேரம் காரோட்ட வேண்டும். பூங்காவின் மற்ற எந்தப் பகுதியிலும் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. சிறு குழந்தையோடு முதன்முறை முகாமிடுகிறவர்களுக்கு அது நல்ல இடமே. பாறைவீடுகளின் பக்கத்தில் இரவு தங்குவதுதான் நோக்கம் என்றால் அந்த நோக்கம் அங்கே நிறைவேறாது. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் மேற்கொண்டு சேர்க்கவில்லை.

மீதமுள்ள மூன்றையும் அளக்க நான் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறேன்: தண்ணீர். குடிநீர் எங்கே கிடைக்கும், எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும், கிடைக்கும் நீர் குடிக்கத் தக்கதா என்பவற்றை வைத்துத்தான் எத்தனை இரவு தங்கலாம், என்ன சமைக்கலாம், யாரை உடன் அழைத்துச் செல்லலாம் என்பதெல்லாம் முடிவாகின்றன. இது என் வசதிக்காக நானே வகுத்துக்கொண்ட அளவுகோல் அன்று. இந்த வீடுகளைக் கட்டியவர்களும் இடம் தேர்ந்தபோது இதைத்தான் பார்த்தார்கள். நவஹோ நினைவுச் சின்னம் அமைந்திருக்கும் ட்செகி பள்ளத்தாக்கில், மேலே நீர் புகக்கூடிய நவஹோ மணற்பாறையும் அதற்குக் கீழே நீரை எளிதில் விடாத கயென்டா பாறை அடுக்கும் இருக்கின்றன. மேலே பெய்த மழையும் உருகிய பனியும் மணற்பாறை வழியே மெல்ல இறங்கி, கீழடுக்கைத் தொட்டவுடன் பக்கவாட்டில் திரும்பி ஊற்றாகக் கசிகின்றன. அந்தக் கசிவு மணற்பாறையை அரித்து அரித்து அதன் அடிப்பகுதியைப் பலவீனப்படுத்த, மேற்பகுதி பெயர்ந்து விழுந்துதான் அந்தப் பெரிய உட்குழிவுகள் உருவாயின. நிழல் தந்த குழிவையும் குடிக்கத் தந்த ஊற்றையும் ஒரே நீர்தான் உண்டாக்கியிருக்கிறது. முகாமிடத்தில் பிளாஸ்டிக் கேனைக் குழாயடியில் வைத்துவிட்டு அது நிரம்பும்வரை காத்திருக்கும் வேளையில் இதை நினைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

முதலில் நவஹோ நினைவுச் சின்னத்தின் சாலையோர முகாமிடங்கள். 1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதிபர் டாஃப்ட் காலத்தில் பாதுகாக்கப்பட்ட இந்த இடம், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தால் சூழப்பட்டது. கயென்டா ஊருக்குத் தென்மேற்கே 160ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, 564ஆம் எண் சாலையில் ஒன்பது மைல் சென்றால் பார்வையாளர் மையம் வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,300 அடி உயரம். ஜூனிபர், பின்யோன் மரங்களுக்கு இடையே சன்செட் வியூ என்ற முகாமிடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். 31 சிறிய இடங்கள், முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, கழிப்பறையும் குடிநீரும் உண்டு. மின்இணைப்பு இல்லை, பெரிய வண்டிகள் திரும்ப இடமில்லை. கேன்யன் வியூ என்ற இரண்டாவது முகாமிடம் வெயில் காலத்தில் மட்டும் திறக்கப்படுவது. அங்கே குழாய் இல்லை. கழிவை மக்கச் செய்யும் கழிப்பறை மட்டுமே. எளிய முகாமிடம் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம் அதுதான். பள்ளத்தாக்கின் விளிம்புக்கு அருகே, வாகன ஓசை குறைந்த இடம் என்பதால், திறந்திருக்கும் காலத்தில் நான் அதைத்தான் தேர்வேன். குடிநீரைப் பார்வையாளர் மையத்திலோ சன்செட் வியூவிலோ பிடித்துக்கொண்டு போனால் போதும், காரில் சில நிமிடத் தொலைவுதான்.

இங்கிருந்து பார்க்கக் கிடைப்பது பெட்டாட்டகின் என்ற பாறைவீட்டுத் தொகுதி. நவஹோ மொழியில் 'விளிம்பின் மேலுள்ள வீடு' என்று பொருள்படும் அந்தப் பெயரைவிட, ஹோப்பி மக்கள் அதற்குச் சொல்லும் தலாஸ்திமா என்ற பெயர் எனக்குப் பிடித்தமானது. நீல மக்காச்சோளக் கதிர்ப்பூவின் இடம் என்பது அதன் பொருள். 452 அடி உயரமும் 370 அடி அகலமும் கொண்ட ஒரே வளைவுக் குழிவு; அதற்குள் 120க்கும் மேற்பட்ட அறைகள். கட்டப்பட்ட காலத்தை மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த செய்தி வியப்பானது. 1267 வாக்கில் மூன்று நான்கு குடும்பங்கள் வந்து முதல் வீடுகளைக் கட்டியிருக்கின்றன. பிறகு 1269இலும் 1272இலும் ஏராளமான உத்தரக் கட்டைகளை வெட்டி, பயன்படுத்தாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1275இல் ஒரு பெருங்கூட்டம் வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டைகள் கூரைகளில் ஏறின. அதாவது பின்னால் வரப்போகும் சுற்றத்தாருக்காக முன்னால் போனவர்கள் இடம் பார்த்து, மரம் வெட்டி உலர வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். 1300ஐ எட்டும்போது ஊர் காலியாகிவிட்டது.

இதைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பார்வையாளர் மையத்திலிருந்து சேண்டல் டிரெயில் என்ற தளமிட்ட பாதையில் போய்வர ஏறக்குறைய ஒரு மைல். அதன் முடிவிலுள்ள பார்வைமேடையிலிருந்து பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் பெட்டாட்டகின் முழுவதும் தெரியும். ஆனால் தொலைவு அதிகம். தொலைநோக்கி இல்லாமல் போனால் அறைகளின் கதவுகள் சிறு கரும்புள்ளிகளாகத்தான் தெரியும், அது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டாவது வழி, பூங்காக் காவல் அலுவலரான ரேஞ்சர் அழைத்துச் செல்லும் இலவச நடை. பள்ளத்தாக்கின் அடிவரை 700 அடி இறங்கி, ஆஸ்பென் மரங்கள் நிற்கும் ஈரமான சோலை வழியே நடந்து, வீடுகளை மிக அருகில் நின்று பார்த்துவிட்டு அதே 700 அடியை வெயிலில் ஏறி வர வேண்டும். குழிவின் கூரையிலிருந்து பாறை பெயர்ந்து விழும் ஆபத்து இருப்பதால் வீடுகளுக்குள் அனுமதிப்பதில்லை.

இங்கே கடிகாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதில்லை. நவஹோ மக்கள் தாமே ஆளும் பகுதியான நவஹோ நாடு நகர்த்துகிறது. நினைவுச் சின்னமும் நவஹோ நாட்டின் நேரத்தையே பின்பற்றுகிறது. முதல்முறை நாங்கள் போனபோது, பீனிக்ஸ் நேரத்தை நம்பிக் காலையில் சாவகாசமாகக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு நடை தொடங்கும் இடத்துக்குப் போனோம். அதற்குள் குழு புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அன்று பார்வைமேடையோடு திரும்பினோம். கைபேசியும் எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப நேரத்தை மாற்றிக் காட்டும் என்பதால், வந்து சேர்ந்த மாலையிலேயே பார்வையாளர் மையச் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. நவஹோ நாட்டில் மதுவுக்குத் தடை இருப்பதையும், இம்முகாமிடங்களில் விறகுத் தீ மூட்டக் கூடாது என்பதையும் உடன் வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எரிவாயு அடுப்பு இருந்தால் சமையலுக்குக் குறையில்லை.

அடுத்தது கீட் சீல். இதே நினைவுச் சின்னத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் அனுபவத்தில் இது வேறு. போய்வர 17 மைல், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர். மேட்டுநில விளிம்பிலிருந்து சுமார் 1,000 அடி செங்குத்தாக இறங்கி, மணல் சரிவைக் கடந்து, பிறகு பள்ளத்தாக்கின் ஓடையைப் பல பத்து முறை குறுக்கே கடந்து நடக்க வேண்டும். செருப்பை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது இயலாத காரியம். நனைந்தாலும் காலை விட்டு வழுவாத காலணியோடு நீரிலேயே நடக்க வேண்டியதுதான். சில இடங்களில் புதைமணல் உண்டு. ஜூலை பிறந்துவிட்டால் பருவ மழையின் இடியோடு திடீர் வெள்ளமும் வரலாம். அனுமதிச் சீட்டும், புறப்படும் முன் ரேஞ்சர் தரும் விளக்கமும் கட்டாயம். நெடுங்காலமாக நாளொன்றுக்கு 20 பேர் என்ற வரம்பு இருந்து வருகிறது. திறந்திருக்கும் காலம் கோடையை ஒட்டியது; எந்தெந்த நாட்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், வசந்த காலத் தொடக்கத்திலேயே தொலைபேசியில் கேட்டு இடம் பதிந்துகொள்ள வேண்டும்.

இனி தண்ணீர்க் கணக்கு. வழியெங்கும் ஓடை ஓடுகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நவஹோ குடும்பங்களின் கால்நடைகள் மேய்வதால் அந்த நீர் குடிக்கத் தக்கதன்று. கீட் சீலின் அருகே, ஓக் மரங்களுக்கு அடியில் இருக்கும் முகாமிடத்திலும் குடிநீர் கிடையாது; கழிப்பறை மட்டும் உண்டு; தீ மூட்டக் கூடாது; ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இரண்டு நாளுக்கு ஏழரை லிட்டர் ஆகிறது. முதுகில் ஏழரைக் கிலோ தண்ணீருக்கு மட்டுமே போய்விடுகிறது. ஆகவே சமையலுக்கென்று தனியே நீர் செலவழியாத உணவைத்தான் எடுத்துச் செல்ல முடியும். நானும் என் நண்பரும் போனபோது, முதல் நாளுக்கு நல்லெண்ணெய் சற்றுத் தாராளமாக விட்ட புளிசாதம், மறுநாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிச் சுருட்டிய சப்பாத்தி, இடையில் கொறிக்க உப்புக் கடலை என்று வைத்துக்கொண்டோம். கடைக்குப் போய் மலையேற்றத்துக்கான உலர் உணவுப் பொட்டலம் வாங்கியவர்கள் அதை வேகவைக்க அரை லிட்டர் நீரை அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்ததைப் பார்த்தபோது, புளிசாதம் எவ்வளவு தெரிந்து செய்யப்பட்ட கட்டுச்சோறு என்பது விளங்கியது.

இந்தப் பாடுகளுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று கேட்டால், நான் பார்த்த பாறைவீடுகளில் இதைப் போல வாழ்ந்த சுவடு மாறாத வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 150க்கும் மேற்பட்ட அறைகள். நீண்ட ஏணியில் ஏறி, ரேஞ்சர் உடன்வர, ஐந்து பேருக்கு மேற்படாத சிறு குழுவாக உள்ளே போகலாம். தெருக்கள் தெருக்களாகவே இருக்கின்றன. சுள்ளிகளை நட்டு மண் பூசிய சுவர்கள் நிற்கின்றன, கூரைகள் நிற்கின்றன. ஓர் அறையின் வாசலோரம் தானியம் உதிர்ந்த மக்காச்சோளத் தக்கை ஒன்று கிடந்தது. என் சுண்டுவிரலைவிடச் சற்றே நீளம். வரிசை வரிசையாக மணி இருந்த குழிகள் தேன்கூடு போலத் தெளிவாகத் தெரிந்தன. 700 ஆண்டுகளாக மழை படாததால் அது மக்கவில்லை. அதைக் கையில் எடுக்கக் கூடாது. பானையோட்டைக் கூட எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைக்கக் கூடாது. 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை எடுத்துச் செல்வது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, கவெஸ்திமா என்று தங்கள் மொழியில் பெயர் சொல்லி இதைத் தம் முன்னோர் வீடாகக் கருதும் ஹோப்பி மக்கள் இன்றும் அரிசோனாவிலேயே வாழ்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. இங்கு வாழ்ந்தவர்களைக் குறிக்க 'அனாசாசி' என்ற சொல் பழைய நூல்களில் வரும். அது பிற மக்கள் வைத்த பெயர் என்பதால், ஹோப்பியரை உள்ளிட்ட பியூப்லோ வழித்தோன்றல்கள் அதை விரும்புவதில்லை. ஹோப்பியர் ஹிசட்சினோம் என்பார்கள். ஆதி பியூப்லோ மக்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கு.

மூன்றாவது கிலா. நியூ மெக்சிகோவின் சில்வர் சிட்டியிலிருந்து வடக்கே 44 மைல். தொலைவைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. மலைச்சாலையின் வளைவுகளில் இரண்டு மணி நேரம் ஆகும். கைபேசி அலை கிடையாது. எரிபொருளைச் சில்வர் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்வது உத்தமம். 1907 நவம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் பாதுகாப்பளித்த இந்த நினைவுச் சின்னத்தைச் சுற்றியிருப்பது, இயற்கைப் பாதுகாவலர் ஆல்டோ லியோபோல்டின் முயற்சியால் 1924இல் உலகிலேயே முதன்முதலாக வனாந்தரப் பகுதி என்று ஒதுக்கப்பட்ட கிலா காடு. உயரம் ஏறத்தாழ 5,700 அடி என்பதால், நவஹோவைவிட இரவுக் குளிர் சற்றுக் குறைவு.

இங்கே கூடாரம் அடிக்க நான்கு இடங்கள் உண்டு. அப்பர் ஸ்கார்ப்பியன், லோயர் ஸ்கார்ப்பியன் இரண்டும் பாறைவீடுகளுக்குச் செல்லும் சாலையிலேயே, நடைபாதை தொடங்கும் இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ளன. மேசை, தணல் அடுப்பு, கழிப்பறை உண்டு. முன்பதிவும் கட்டணமும் இல்லை. கூடாரத்துக்கு மட்டுமே ஏற்றவை, பெரிய வண்டிகளில் வருகிறவர்கள் வாகன நிறுத்தத்தில்தான் தங்க வேண்டும். ஃபோர்க்ஸ், கிரேப்வைன் என்ற மற்ற இரண்டும் சில மைல் தெற்கே, கிலா ஆற்றங்கரையில், இன்னும் எளியவை. குடிநீர்க் குழாய் இல்லை. ஸ்கார்ப்பியன் முகாமிடங்களிலும் குளிர்காலத்தில் குழாயை நம்ப முடியாது என்பதால், பார்வையாளர் மையத்தில் கேன்களை நிரப்பிக்கொண்டு போவதே முறை. ஆற்று நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ பயன்படுத்தலாம் என்பது கீட் சீலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. பாத்திரம் கழுவவும் கைகால் அலம்பவும் நீர் எப்போதும் காலடியில் ஓடுகிறது. அதனால்தான் இங்கே மூன்று இரவும் தங்கலாம், சோறு வடிக்கலாம், ரசம் வைக்கலாம்.

லோயர் ஸ்கார்ப்பியனை நான் குறிப்பாகப் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கூடாரங்களுக்குப் பின்னாலிருந்தே ஒரு சிறு பாதை தொடங்கி, கால் மைலுக்குள் பாறைமேல் தீட்டிய செந்நிற ஓவியங்களுக்கும் ஒரு சின்னஞ்சிறு பாறைவீட்டுக்கும் அழைத்துச் செல்கிறது. பெரிய பாறைவீடுகளுக்கான பாதை பிற்பகலிலேயே மூடப்பட்டுவிடும். இரவில் அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. மூன்று இடங்களிலும் இதுதான் நிலை. ஆகையால், முகாமிட்டவர்களுக்குக் கிடைக்கும் தனிச்சலுகை, அந்த வீட்டில் நிற்பது அன்று, அந்த வீட்டுக்காரர்கள் கேட்ட அதே ஓசைகளைக் கேட்டுக்கொண்டு அதே பள்ளத்தாக்கில் படுத்திருப்பதுதான். கிலாவில் அந்த ஓசை ஆற்றினுடையது. நவஹோவின் மேட்டுநிலத்தில் காற்றின் ஓசை. கீட் சீலில், நாங்கள் போன இரவில், ஓக் இலைகளின் சலசலப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றால் பாறைவீடுகளுக்கான ஒரு மைல் சுற்றுப்பாதை வெறிச்சோடி இருக்கும். சிற்றோடையின் மேல் மரப்பாலங்களைக் கடந்து, நிழலான பள்ளத்தில் நடந்து, பிறகு படிகளில் ஏறினால் ஏறத்தாழ 180 அடி உயரத்தில் வரிசையாகக் குகைகள். ஐந்து குகைகளில் ஏறக்குறைய 40 அறைகள். மொகொயோன் என்று தொல்லியலார் அழைக்கும் மக்கள் 1276க்கும் 1287க்கும் இடையில் வெட்டிய மரங்களைக் கொண்டு கட்டியவை. பெட்டாட்டகினில் கூரைகள் ஏறிய அதே பத்தாண்டு, இடையே பல நூறு கிலோமீட்டர், வேறு மரபினர். 1276 தொடங்கி 1299 வரை நீடித்ததாக மர வளையங்கள் காட்டும் பெரும் வறட்சிக் காலத்தில்தான் இருவரும் இந்தக் குழிவுகளுக்குள் குடியிருந்தார்கள். ஏறத்தாழ ஒரே தலைமுறையில் இருவரும் விட்டுப் போனார்கள். வறட்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ட்செகியில் ஓடைகள் தரையை ஆழமாக அரித்து நிலத்தடி நீரைக் கீழே இறக்கிவிட்டதால் வயல்கள் பயனற்றுப் போனதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கிலாவின் சிறப்பு, வீடுகளுக்குள்ளேயே நடக்கலாம் என்பது. மற்ற இடங்களில் தொலைவிலிருந்தோ சிறு குழுவாகவோ பார்க்கக் கிடைப்பதை இங்கே அறுபத்தெட்டு வயதான என் தாயார், படிகளில் நான்கைந்து முறை நின்று இளைப்பாறிக்கொண்டு, உள்ளே சென்று பார்த்தார். குகையின் கூரை முழுவதும் புகை படிந்து கரியாக இருந்தது. அவர் வெகுநேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுப்பை வாசப் பக்கம் வெச்சிருக்காங்க, புகை வெளியே போகணும்னு" என்றார். சுவரில் T எழுத்து வடிவில் அமைந்த வாசல், மேலே துருத்திக்கொண்டிருக்கும் உண்மையான பழைய உத்தரக் கட்டைகள் என்று ரேஞ்சர் விளக்கியவற்றையெல்லாம்விட, அவருக்கு அந்த அடுப்பு இருந்த இடம்தான் பேசியது. வெளியேறும்போது மர ஏணியில் இறங்க வேண்டும். அஞ்சுகிறவர்கள் வந்த வழியே படிகளில் திரும்பலாம்.

கிலாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். கோடையின் முற்பகுதியில் காட்டுத்தீ அச்சம் உண்டு. 2012இன் வைட்வாட்டர்-பால்டி தீயும் 2022இன் பிளாக் தீயும் இந்தக் காட்டின் பெரும் பரப்பை எரித்தவை, எரிந்த சரிவுகளில் மழை விழும்போது ஆற்றில் வெள்ளம் விரைந்து ஏறும். மே, ஜூன் மாதங்களில் தீ மூட்டத் தடை இருப்பதே வழக்கம் என்று எண்ணிக்கொண்டு எரிவாயு அடுப்போடு போவது நல்லது. அருகில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கப் போகிறவர்கள் தலையை நீருக்குள் அமிழ்த்தவே கூடாது. வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே ஏறினால் உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கை அங்கே உள்ளது. குழந்தைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கழுத்தளவு நீரில் விடுவதில்லை. மூன்று இடங்களுக்கும் பொதுவான இன்னோர் எச்சரிக்கை எலிகளைப் பற்றியது. 1993இல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில்தான், எலிக் கழிவால் பரவும் ஹன்டா வைரஸ் நுரையீரல் நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. ஆகவே உணவை இரவில் காருக்குள்ளோ மூடிய பெட்டியிலோ வைக்க வேண்டும், எலிப்புழுக்கை கிடக்கும் இடத்தில் கூடாரம் விரிக்கக் கூடாது.

இவற்றை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்த பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள், முதன்முறை கூடாரம் அடிக்கும் நண்பர்கள் என்று கலந்த குழுவாகப் போகிறவர்கள் கிலாவைத் தேர்வதே சரி. ஏப்ரல் பிற்பாதியோ அக்டோபரோ உகந்த காலம். உள்ளே நடந்து பார்க்கும் வாய்ப்பும் ஆற்று நீரும் சேர்ந்திருப்பதால், மற்ற இரண்டைவிட அங்கே தவறு நேர இடம் குறைவு. மானுமென்ட் வேலிக்கோ பேஜ் நகருக்கோ போகும் வழியில் ஓரிரவு மட்டும் கிடைக்கிறவர்களுக்கு நவஹோவின் சன்செட் வியூ போதுமானது. ஆனால் தொலைநோக்கியும், மறுநாள் காலை ரேஞ்சர் நடைக்குச் செலவிட முழுமையான அரை நாளும் இல்லாவிட்டால், பெட்டாட்டகினைத் தூரத்துப் படமாக மட்டுமே கொண்டு திரும்ப நேரிடும். அப்படித் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கீட் சீலை முதல் தேர்வாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஏழரைக் கிலோ நீருடன் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து, மறுநாள் அந்த 1,000 அடியை ஏறித் திரும்பிய பழக்கம் வேறெங்கேனும் ஏற்பட்ட பிறகே அங்கே போக வேண்டும். அந்தப் பழக்கம் இருக்கிறவர்கள் மற்ற இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு அதற்கே விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைக்கும் ஆண்டை நழுவ விட வேண்டாம்.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு அக்டோபருக்கு லோயர் ஸ்கார்ப்பியன் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று இரவுகள், ஐந்து கேலன் கேன் இரண்டு, நீர் வடிகட்டி ஒன்று. கீட் சீலுக்கு மகனும் வர வேண்டும் என்கிறான். அவனுக்குப் பதினொரு வயது. வீட்டுப் பின்புற மலைப்பாதையில் இப்போது நான்கு லிட்டர் தூக்கிக்கொண்டு நடக்கிறான். தன் ஏழரை லிட்டரைத் தானே சுமக்க முடிகிற ஆண்டில் அவனுக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.